கார்லிஸின் ஈயம்

இனிமேல் ஒரு துண்டு ஈயத்தைக்கூட மண்ணுக்குக் கொடுப்பதில்லை. நான் சுட்ட குண்டு என்னிடமே திரும்பி வரவேண்டும். செப்டம்பர் மூடுபனிக்குள் நின்றுகொண்டு, கையை உயர்த்தி, சத்தமாகவே தீர்மானம் செய்தேன். கேட்டது ஒரு மாடும், மேட்டின் மேல் படுத்திருக்கும் கார்லிஸும்தான்.

மாடு திரும்பிப் பார்த்தது. கார்லிஸ் திரும்பவில்லை. அவன் செத்து ஏழு வருடமாகிறது.

கார்லிஸ் என் மனைவி நெல்டாவின் முதல் கணவன். மேற்கு வர்ஜீனியா மலைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால் அவன் வீடு. வீட்டுக்குப் பின்னால் மேடு, மேட்டின் உச்சியில் அவன் குடும்பக் கல்லறை. அங்கிருந்து பார்த்தால் எங்கள் சமையலறை ஜன்னல் தெரியும். நான் காப்பியில் எத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறேன் என்பதுகூட அவனுக்குத் தெரியும்.

நான் உட்காருவது அவன் நாற்காலி. சுடுவது அவன் ரைஃபிள். கூடத்தில் அவன் படம், பக்கத்தில் அவன் சுட்ட மானின் தலை. இரண்டும் என்னை ஒரே மாதிரிப் பார்க்கும். இந்த வீட்டில் ஒரு விருந்தாளிக்கு உள்ள எல்லா உரிமைகளும் எனக்கு உண்டு.

இந்த நிலத்தில் ஒரு பொருளாவது 'இது எல்டன் செய்தது' என்று விரல் நீட்டிச் சொல்லும்படி இருக்கவேண்டும். ஐம்பத்தாறு வயதில் இது பேராசையா? செத்தவனோடு போட்டி போடுகிறவன் ஜெயித்தால்தான் என்ன, தோற்றால்தான் என்ன என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுவிட்டுப் போட்டியைத் தொடர்வேன்.

அதனால்தான் குண்டுப்பெட்டி.

"பெட்டியா? எதுக்கு?" என்றாள் நெல்டா. பீச் பழத்துக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"குண்டைப் பிடிக்க."

"குண்டு என்ன கோழியா, பிடிக்கிறதுக்கு?"

"கேளு. குறிபார்த்துப் பழகுறதுக்குச் சுடுறேன். குண்டு மண்ணுக்குள்ள போயிடுது. ஈயம் அத்தனையும் வீண். பெட்டிக்குள்ள சுட்டா குண்டு உள்ளேயே நிக்கும். எடுத்து உருக்கி, அச்சுல ஊத்தி, மறுபடி சுடலாம்."

"உருக்கி." அவள் கையில் கத்தி நின்றது. "எதுல உருக்குவே?"

அவள் பார்வை சுவரில் இருந்த காலி ஆணிக்குப் போனது. போன குளிர்காலம்வரை அந்த ஆணியில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி தொங்கியது. அவள் சோள ரொட்டி சுடும் சட்டி. அதில் நான் ஒரே ஒரு முறை ஈயம் உருக்கினேன். ஈயம் விஷம், அது பட்ட சட்டியில் பிறகு ரொட்டி சுட முடியாது. அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது.

"உருக்குறதுக்குன்னு தனிப் பாத்திரம் வாங்கியாச்சு."

"என் சட்டியைக் கெடுக்குறதுக்கு முன்னாடி வாங்கியிருக்கலாம்."

"இன்னுமா அதை விடலை?"

"விட்டுட்டேனே. சோள ரொட்டியையே விட்டுட்டேன்." கத்தி மறுபடி நகர்ந்தது. "பெட்டி செய்யிற கையோட பின்னாடி ஒரு நிலவறை தோண்டிக் குடு, எல்டன். ஜாடி வைக்க இடமில்லை."

உண்மைதான். குளிர்காலத்துக்காக அவள் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைத்தவைதான் வீடு முழுக்க. கட்டிலுக்கு அடியில் பீச். சோபாவுக்குப் பின்னால் பீன்ஸ். என் சட்டைகள் இருக்கவேண்டிய அலமாரியில் தக்காளி. குளியல் தொட்டியைச் சுற்றி வரிசையாக வெள்ளரிக்காய் ஊறுகாய். நான் குளிப்பதை அவை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

"முதுகு தாங்காது, நெல்டா. அடுத்த வசந்தத்துல பாத்துக்கலாம்."

"அடுத்த வசந்தம்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "கார்லிஸும் அப்பத்தான் தோண்டுறதா இருந்தாரு."

வசந்தம் வந்தது. கார்லிஸ் தோண்டவில்லை. அவனுக்காக வேறு யாரோ தோண்டினார்கள், மேட்டின் மேல்.

பெட்டியை ஓடைக்கரைப் பக்கம், மண்திட்டுக்கு முன்னால் வைத்தேன். தடித்த பலகைகள். உள்ளே நிறைய டயர்த் தூள். மேலே திறக்கிற மூடி. முன்பக்கத்துக்கு என்ன போடுவது என்று யோசித்தபோது பக்கத்து வீட்டு ஹோபர்ட் ஒரு ரப்பர்ப் பட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்து ஓடும் பட்டை. ஹோபர்ட் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதிச் சுரங்கம் இப்போது அவன் கொட்டகையில் இருக்கிறது.

"இது குண்டை உள்ளே விடும். வெளியே எதையும் விடாது" என்றான்.

"எதையும்னா?"

"நீ எதை நினைக்கிறியோ அதை."

முதல் குண்டைச் சுட்டேன். மலைகளுக்கு நடுவில் வெடிச்சத்தம் உருண்டு போகும், திரும்பி வரும், மறுபடி போகும். ஆனால் பெட்டியிலிருந்து வந்தது வேறு சத்தம். யாரோ ஒருவன் நெஞ்சில் குத்து வாங்கிக்கொண்டு, 'ம்' என்று மட்டும் சொன்னதைப் போல.

கிட்டே போய்ப் பார்த்தேன். ரப்பரில் ஓட்டை இல்லை. குண்டு போன இடம் தானாக மூடிக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தால் மட்டும் லேசாக ஒரு வடு. இன்னும் சூடாக, உதட்டைத் தொட்டதுபோல இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். மேட்டைப் பார்த்தேன். கல்லறையில் பிளாஸ்டிக் பூக்கள் காற்றில்லாமல் ஆடின. ஏன் ஆடின என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொள்ளாமல் இருந்த ஒரே சமயம் அதுதான்.

வாரக் கடைசியில் மூடியைத் திறந்தேன். சல்லடையில் டயர்த் தூளை அள்ளி அள்ளிச் சலித்தேன்.

கைப்பிடி அளவு குண்டுகூடத் தேறவில்லை. வாரம் முழுக்க, பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை முடிந்து வந்ததும் தினமும் சுட்டிருக்கிறேன். மண்ணைச் சுடுகிற கையாக இருந்தாலும் பெட்டியைத் தவறவிடும் கை அல்ல என்னுடையது. பின்பலகையைத் தட்டிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. போனது போயிருந்தது. வந்தது வந்திருக்கவில்லை.

"எங்கே போயிருக்கும்?" என்று நெல்டாவிடம் கேட்டேன்.

"எது?"

"ஈயம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு, "கார்லிஸ் சுட்டது ஒண்ணும் தொலையலையே" என்றாள்.

"என்ன?"

"பின்பக்கத்து வராந்தாவுல காப்பியோட உக்காந்து சுடுவாரு. அந்தா, எதுத்தாப்புல இருக்குற மேட்டுல. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆயுசு முழுக்க. அத்தனை ஈயமும் அந்த மண்ணுலதான் கிடக்கு. உனக்கு எதுக்கு அதெல்லாம்? விடு."

விடு என்று அவள் சொன்னால் நான் விடமாட்டேன். என் குணம் அவளுக்குத் தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன்.

கார்லிஸின் ஈயம்! அவன் ஆயுள் முழுக்கச் சுட்ட ஈயத்தைத் தோண்டி எடுத்து, உருக்கி, என் அச்சில் ஊற்றி, என் குண்டாகச் சுட்டால்? அவன் படம் என்னை வேறு மாதிரிப் பார்க்காதா? அன்று மத்தியானமே மண்வெட்டியை எடுத்தேன். முதுகு வலி எங்கே போனது என்று தெரியவில்லை. ஈயத்தோடு அதுவும் போயிருக்கவேண்டும்.

முழங்கை ஆழம் போவதற்குள் முதல் குண்டு கிடைத்தது. வெள்ளை பூத்த பழைய ஈயம். எலும்புத் துண்டைப் போல. மோந்து பார்த்தேன். லேசான புளிப்பு வாசனை. கல்லறை மண் இப்படித்தான் மணக்கும்போல என்று நினைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"கிடைச்சிருச்சு!" என்று கத்தினேன்.

நெல்டா வராந்தாவுக்கு வந்தாள். "ஐயோ. தோண்டிட்டியா? சரி, தோண்டினதுதான் தோண்டினே, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளித் தோண்டு. அவருக்குக் கை இடப்பக்கம் இழுக்கும்."

இடப்பக்கம் தோண்டினேன். கிடைத்தது.

"உயரமா வெட்டு. ஆளு நல்ல உயரம்."

உயரமாக வெட்டினேன். கிடைத்தது.

"தரையைச் சமமாக்கு, எல்டன். கீழே விழுந்தா கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

சமமாக்கினேன். அக்டோபர் முழுக்க இதுதான் வேலை. காலையில் பேருந்து, மத்தியானம் குழி, மாலையில் பேருந்து, பிறகு ஓடைக்கரையில் கொஞ்சம் சுடுதல். மலையில் இலைகள் சிவந்து, பழுத்து, உதிர்ந்தன. மூடுபனி காலையில் இறங்கி மத்தியானம்வரை எழுந்து போகாமல் கிடந்தது. நான் குழிக்குள் ஒரு அடி போனால் அதுவும் கூடவே ஒரு அடி உள்ளே வரும். உள்ளே நின்று பேசினால் குரல் என்னுடையதாக இருக்காது. ஒருமுறை சும்மா "யாரு?" என்று கேட்டுப் பார்த்தேன். 'யாரு' என்றது மண். அதற்கும் சந்தேகம் இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், ஓடைக்கரைப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. மேடு மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றும் உறுத்தியது. மண்ணில் மோதிய ஈயம் நசுங்கவேண்டும். இவை நசுங்கவில்லை. முழுசாக, மெத்தையில் படுத்து எழுந்தவை மாதிரி இருந்தன. கார்லிஸை இந்த மலை அவ்வளவு அன்போடு வாங்கிக்கொண்டதா? என்னிடம் எதுவுமே இப்படி நடந்துகொண்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு குண்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை உதிர்ந்தது. அடிப்பக்கத்தில் மெல்லிய ஒரு கோடு. நகத்தால் கீறியது போல.

என் கை நின்றுவிட்டது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். என் அச்சை ஒருமுறை கீழே போட்டேன். அடுப்பு விளிம்பில் பட்டு உள்ளே ஒரு கீறல் விழுந்தது. அதற்குப் பிறகு அதில் வார்க்கும் ஒவ்வொரு குண்டிலும் அந்தக் கோடு விழும். அச்சை நான் வாங்கியதே போன வருடம்தான். கார்லிஸ் செத்து ஏழு வருடம்.

டப்பாவைக் கொட்டினேன். இன்னொன்றைத் தேய்த்தேன். கோடு. இன்னொன்று. கோடு. எல்லாவற்றிலும் என் கீறல். இறந்தவன் சுட்ட, பல வருடம் மண்ணுக்குள் கிடந்து வெளுத்த குண்டுகளில், போன வருடத்து என் கீறல்.

எனக்கு இரண்டு விளக்கங்கள் தோன்றின. ஒன்று, கீழே நான் சுடுவதையெல்லாம் கார்லிஸ் மலைக்குள்ளேயே இழுத்து, இங்கே கொண்டுவந்து வைக்கிறான். இரண்டு, நான்தான் கார்லிஸ். எல்டன் என்று ஒருவன் இந்த வீட்டுக்கு வரவே இல்லை. இரண்டில் எது மேல் என்று வெகுநேரம் யோசித்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

"நெல்டா, இந்த மண்ணுக்குள்ளேருந்து எப்பவாவது சத்தம் கேட்டிருக்கியா?"

அவள் ஆப்பிள் ஜாம் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தவில்லை. "மழை நாள்ல கேக்கும்."

"எ... எப்படிக் கேக்கும்?"

"யாரோ வேலை செய்யிற மாதிரி. முடிக்காம விட்டுட்டுப் போன வேலையை."

"என்ன வேலை?"

"அதை அவருகிட்டதான் கேக்கணும்." ஒரு சொட்டு ஜாமைத் தட்டில் விட்டுப் பதம் பார்த்தாள். "ஏன், உன் முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

நேராக ஹோபர்ட் வீட்டுக்குப் போனேன். குண்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். கீறலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"யாருது?"

"என்னுது."

"எங்க கிடைச்சுது?"

"கார்லிஸ் மேட்டுல."

குண்டைக் கைக்குட்டையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தான். வாய்வரை ஏதோ வந்தது, இருமி உள்ளே அனுப்பினான். தோள் குலுங்கியது. பயத்தில் நடுங்குகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு வருடம் பூமிக்கு அடியில் இருந்தவனே நடுங்கினால் நான் எம்மாத்திரம்?

"மூடிரு, எல்டன்."

"மண்ணைப் போட்டா?"

"சேச்சே. மண்ணு போட்டா அது தோண்டிக்கிட்டு வந்துரும். சுரங்கத்துல இப்படி ஒரு இடம் வந்தா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? சுத்தி மரக்கட்டைச் சுவரு. மேலே தகரம். தண்ணி இறங்கக் கூடாது, தண்ணின்னா அதுக்கு ஆகாது. முன்னாடி ஒரு கதவு."

"கதவு எதுக்கு?"

"வழியே இல்லேன்னா அதுக்குக் கோவம் வரும்யா. கதவு இருக்கணும், பூட்டும் இருக்கணும். அப்பத்தான் மரியாதையா உள்ளே இருக்கும்." கொஞ்சம் யோசித்தான். "உள்ளே ரெண்டு பக்கமும் பலகை அடிச்சிரு. வரிசையா. மேலேருந்து கீழே வரைக்கும்."

"பலகையா?"

"உக்கார வேணாமா அது?"

அவன் மீசையில் ஏதோ பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆப்பிள் ஜாம் மாதிரி. மனிதன் பயத்தில் இருக்கும்போது இதையெல்லாம் கவனிக்கிறான், ஆனால் யோசிப்பதில்லை.

சுரங்கத் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டைகளை ஹோபர்ட்டே டிராக்டரில் கொண்டுவந்து போட்டான். நான் அடுக்கினேன். குழிக்குள் முதுகைக் காட்டி நிற்க மாட்டேன். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்துகொண்டே வேலை செய்தேன், நண்டு மாதிரி. ஆணி அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் மலைக்குள்ளிருந்து இன்னொரு அடி கேட்டது. நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். ஒருமுறை நான் நிறுத்திய பிறகு அது ஒரு அடி கூடுதலாக அடித்தது. அன்று சுத்தியலை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, கார்லிஸின் படத்துக்கு முன்னால் நின்று, "மன்னிச்சுக்கப்பா, உன் ஈயம் எனக்கு வேணாம்" என்றேன். ஐம்பத்தாறு வயது ஆள். மான்தலையிடமும் சொன்னேன்.

தகரம் போட்டேன். பலகை அடித்தேன், மிக நேர்த்தியாக. உட்காரப்போகிறவனுக்கு உறுத்தக் கூடாது என்று இழைத்தும் வைத்தேன். தோண்டி எடுத்த ஈயம் அத்தனையையும் ஓடைக்கரைப் பெட்டிக்குள் கொட்டி மூடிவிட்டேன். ஓக் மரத்தில் கதவு செய்து, பூட்டைப் பூட்டி, சாவியை உயரத்தில், மானின் கொம்பில் மாட்டினேன்.

"அழகா இருக்கு" என்றாள் நெல்டா.

"அழகுக்காகச் செய்யலை."

"இருந்தாலும்."

மறுநாள் மாலை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து பேருந்தை நிறுத்தினேன். மூடுபனி இறங்கியிருந்தது. வீடு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டிய அளவுக்குப் பனி. அப்போது கேட்டது. மேட்டுப் பக்கமிருந்து. 'கிளிங்'. கொஞ்சம் பொறுத்து, 'கிளிங்'. பல்லோடு பல் தட்டுவது போல.

போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். கால்களையும் கேட்டுப் பார்த்துவிட்டேன், அவையும் சொல்லவில்லை.

கதவு திறந்திருந்தது. பூட்டு ஆணியில் தொங்கியது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். சுவரில் ஒரு நிழல், ஆளைவிடப் பெரிது, குனிந்தது, நிமிர்ந்தது. வரிசை வரிசையாகப் பலகைகளில் வட்ட வட்டமாகத் தலைகள் மின்னின.

"கார்லிஸ்" என்றேன்.

நிழல் திரும்பியது.

"கதவை மூடு, எல்டன். குளிரு உள்ளே வருது" என்றாள் நெல்டா. "அந்தக் கூடையை இப்படிக் குடு. பீன்ஸ் கீழ்த்தட்டுல போகட்டும்."

பீச் ஒரு பக்கம். தக்காளி ஒரு பக்கம். ஊறுகாய் மேல்தட்டில், கண்ணாடி வழியாக, பழைய பழக்கத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரையில் ஒரு மூலையில் என் கண்ணுக்குப் பழக்கமான வார்ப்பிரும்புச் சட்டி. அதில் கொஞ்சம் வினிகர். வினிகருக்குள் சில குண்டுகள், பாதி வெளுத்து.

அந்தப் புளிப்பு வாசனை இப்போது எனக்குப் புரிந்தது. நான் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தேன். அதை அங்கே வைத்ததும் நான்தான்.

"பெட்டியிலேருந்து எடுத்ததெல்லாம்..."

"நான்தான். நீ பேருந்து ஓட்டப் போன நேரத்துல."

"ஊற வெச்சது?"

"ஊறுகாய் போடுறவளுக்கு இது ஒரு வேலையா? அந்தச் சட்டியும் வேற எதுக்கு ஆகும்?"

"கார்லிஸ் வராந்தாவுலேருந்து சுட்டது?"

"சமையக்கட்டுக்கு எதுத்தாப்புல எவனாவது சுடுவானா? சுட்டா நான் விடுவேனா? நிஜமாவே ஈயம் கிடக்குற மண்ணுல பீச்சைக் கொண்டுபோய் வைப்பேனா? நான் பொதைச்சதை எல்லாம் நீ ஒண்ணு விடாம எடுத்துட்டே. நல்லா தேடுறே, எல்டன்."

"ஆணி அடிக்கிறப்போ மலைக்குள்ளேருந்து..."

"ஹோபர்ட் அவன் கொட்டகைக்குக் கூரை மாத்துறான். ஒரு மாசமா."

கோபம் வரவேண்டும். தேடிப் பார்த்தேன். அதுவும் நல்ல ஆழத்தில் இருந்தது, கிடைக்கவில்லை. பதிலாக வேறொன்று மேலே வந்தது. சுற்றிப் பார்த்தேன். நேரான சுவர்கள். இழைத்த பலகைகள். சொட்டுத் தண்ணீர் இறங்காத கூரை. என்ன இருந்தாலும் இதைச் செய்தது யார்? இந்த நிலத்தில் முதல் முறையாக விரல் நீட்டிச் சொல்ல ஒன்று. அதுவும் எது? கார்லிஸ் ஆயுள் முழுக்கச் செய்யாமல் விட்டுப் போனது.

எழுந்து நின்றேன். மேட்டின் உச்சியை நோக்கி, கூரை வழியாகவே, ஒரு பார்வை பார்த்தேன்.

"எப்படியோ போகட்டும், நெல்டா. கார்லிஸால முடியலை. நான் முடிச்சிட்டேன். இதையாவது ஒத்துக்கோ."

"ஒத்துக்கிறேன்." அவள் ஒரு ஜாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் இடத்தில் வைத்தாள். "அவருகிட்டயும் இதையேதான் செஞ்சு பாத்தேன். அவங்கப்பா சுட்ட ஈயம் கிடக்குன்னு சொல்லி, அவரு குண்டையே பொதைச்சு வெச்சேன். முதல் குண்டை எடுத்தாரு. திருப்பிப் பாத்தாரு. 'நெல்டா, இது என்னோடது'ன்னு கையில குடுத்துட்டு, சாப்பிட வந்துட்டாரு."